என்ன வேலை செய்தார் என்று எழுது

2003ஆம் வருசம். சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரி. என் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஃபார்மலினில் மிதக்கிற நாலைந்து சதைத் துணுக்குகள். என் நைனாவின் மூத்திரப்பையிலிருந்து சுரண்டி எடுத்தவை. "இத்த எடுத்துக்கினு போயி பயாப்சி லேபுல குடுத்துட்டு வா"ன்னு வார்டு அண்ணன் சொல்லிவிட்டார். மூணு மாடி இறங்கி, ரெண்டு கட்டடம் தாண்டி, டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். பெயர். வயது 58. ஆண். உள்நோயாளி எண். எந்த இடத்துச் சதை என்று இங்கிலீஷில் ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

அந்தச் சீட்டில் இல்லாமல் போன ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நைனா ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில் சாய டிரம்மில் வேலை பார்த்தவர். 1976இலிருந்து 1998 வரை 22 வருசம். சாயப் பொடியைச் சாக்கிலிருந்து கையால் அள்ளி, பக்கெட்டில் வெந்நீர் விட்டுக் கரைத்து, சுற்றுகிற டிரம்முக்குள் ஊற்றுவது அவர் வேலை. கையுறை கிடையாது. மூக்குக்கு ஒரு துண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து துப்பினால் எச்சில் கறுப்பாக இருக்கும். பனியனில் வேர்வை பட்ட இடமெல்லாம் நீலம். அம்மா அதை மட்டும் தனியாகத் துவைப்பார்.

மூத்திரத்தில் ரத்தம் வந்தபோது நைனா ஆறு மாசம் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். பிறகு சூடு என்றார்கள். இளநீர், சீரகத் தண்ணி, வெந்தயம். வலி இல்லையே, போய்விடும் என்று விட்டுவிட்டோம். வலியில்லாமல் ரத்தம் வருவதுதான் இந்தப் புற்றின் முதல் அடையாளம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். டாக்டர் கேட்ட கேள்விகள் இன்றும் என் காதில் இருக்கின்றன.

"பீடி குடிப்பியா?"

"குடிப்பேன் சார்."

"ஒரு நாளைக்கு எத்தினி?"

"ஒரு கட்டு சார்."

"அதான்."

அந்த 'அதான்' என்ற ஒரே சொல்லில் வழக்கு முடிந்தது. குற்றவாளி பிடிபட்டுவிட்டான். குற்றவாளி என் நைனா. என்ன வேலை செய்கிறாய் என்று அந்த டாக்டரும் கேட்கவில்லை, பிறகு வந்த டாக்டர்களும் கேட்கவில்லை. மூணு வருசத்தில் நாலு தடவை சுரண்டினார்கள். 2006இல் நைனா செத்துப்போனார்.

(சிறுநீர்ப்பை என்று நாசூக்காக எழுதியிருக்கலாம். நைனா வாயில் அது மூத்திரப்பைதான். அப்படியே எழுதுகிறேன்.)

*

இதையெல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு நான் தூக்கிப்போன மாதிரியான சதைத் துணுக்கு இன்றைக்கு ஃபார்மலினில் சாகவேண்டிய அவசியம் இல்லை. அது உயிரோடு இருக்கலாம். நோயாளி போனபிறகும் வளரலாம். மருந்து எது, விஷம் எது என்று பதில் சொல்லலாம். அதற்குப் பெயர் ஆர்கனாய்டு.

சங்கதி இதுதான். கட்டியிலிருந்து எடுத்த சதையைப் பொடியாக நறுக்கி, நொதிகளை விட்டு செல்களாகப் பிரிக்கிறார்கள். அந்தச் செல்களை ஒரு கூழில் புதைத்து வைக்கிறார்கள். கூழே எலியின் கட்டி ஒன்றிலிருந்து எடுப்பது. மேலே சத்துத் திரவம். சில வாரங்களில் செல்கள் பெருகி, தட்டையாகப் படராமல், முப்பரிமாணத்தில் குட்டிக் குட்டி உருண்டைகளாக எழும்புகின்றன. எந்த உறுப்பிலிருந்து வந்ததோ அந்த உறுப்பின் அடுக்கும் குணமும் அதில் இருக்கும். புற்றுக் கட்டியிலிருந்து வந்தது என்றால் அந்த ஆளுடைய புற்றின் மரபணு மாற்றங்களும் பெருமளவு அதில் இருக்கும்.

2009இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ எலியின் குடல் மூலச்செல்லிலிருந்து இப்படி ஒரு குட்டிக் குடலை வளர்த்துக் காட்டினார். 2018இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷென் குழு மூத்திரப்பைப் புற்றுநோயாளிகளின் கட்டிகளிலிருந்து ஆர்கனாய்டு வங்கி ஒன்றை உருவாக்கியது. ஒரே ஆளுக்குப் புற்று திரும்பி வந்தபோது இரண்டாம் தடவையும் சதை எடுத்து வளர்த்து, முதல் கட்டிக்கும் இரண்டாம் கட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தார்கள். 2019இல் கிளெவர்ஸ் குழுவும் 53 நோயாளிகளின் சதையிலிருந்து இன்னொரு வங்கி கட்டியது.

இதன் அருமை இந்த நோயைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். மூத்திரப்பைப் புற்று திரும்பத் திரும்ப வருவது. சுரண்டினால் வரும், மறுபடி சுரண்டினால் மறுபடி வரும். மூணு மாசத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்கணும். ஒவ்வொரு தடவையும் கூலி போகும், பஸ் காசு போகும், கூட வருகிறவர் கூலியும் போகும். எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் நோயாளியின் உடம்பிலேயே சோதித்துப் பார்ப்பார்கள். சிஸ்பிளாட்டின் கொடுத்து, வாந்தி எடுத்து, முடி கொட்டி, சிறுநீரகம் கெட்டு, கடைசியில் 'கேட்கலை' என்பார்கள். அந்தச் சோதனையை உடம்புக்கு வெளியே, ஒரு தட்டில், அவருடைய புற்றின் மேலேயே செய்ய முடியும் என்றால்? மரபணுவைப் படித்தால் மட்டும் எந்த மருந்து கேட்கும் என்று முழுசாகத் தெரிவதில்லை. ஷென் குழுவின் ஆய்விலும் மரபணு மாற்றத்துக்கும் மருந்துப் பலனுக்கும் பாதிப் பொருத்தம்தான். மருந்தைப் போட்டு, சாகிறதா என்று பார்ப்பது நேரான வழி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சதையும் வளராது. வளர வாரக்கணக்கில் ஆகும். கூழும் சத்துத் திரவமும் விலை அதிகம். இந்த உருண்டைக்குள் ரத்த ஓட்டம் இல்லை, நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லை. ஆரம்பக்கட்ட மூத்திரப்பைப் புற்றுக்கு முக்கிய மருந்து பி.சி.ஜி., அதாவது நம் குழந்தைகளுக்குத் தோளில் போடுகிற அதே காசநோய்த் தடுப்பு மருந்து. கனடாவில் ஆல்வரோ மொராலஸ் 1976இல் அதை மூத்திரப்பைக்குள் செலுத்திப் பலன் இருப்பதாக எழுதினார். அது வேலை செய்வது உடம்பின் எதிர்ப்புப் படையைத் தூண்டிவிட்டு. படையே இல்லாத உருண்டையில் அதை எப்படிச் சோதிப்பது? 2020இல் தென்கொரியாவின் போஹாங்கில் ஒரு குழு புற்றுச் செல்லோடு தசை, இணைப்புத் திசு, எதிர்ப்புச் செல் எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது. ஆனாலும் ஆர்கனாய்டைப் பார்த்து மருந்து கொடுப்பது இன்னும் நடைமுறைச் சிகிச்சை ஆகவில்லை. ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

*

இங்கே நம் தோழர்களிடம் இரண்டு குரல்கள் எழும் என்று எனக்குத் தெரியும். ஒன்று: "இதெல்லாம் பணக்கார நாட்டு விஞ்ஞானம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடிக்கு மருந்து இல்லை, உனக்கு ஆர்கனாய்டு கேட்குதா?" இன்னொன்று: "விஞ்ஞானம் வளர்ந்தால் தானாக எல்லோருக்கும் வந்து சேரும்."

முதல் குரலுக்கு என் பதில்: ஆமாம், கேட்குது. மட்டமானது போதும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டாம். அதைச் சொல்ல ஊரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். 2020இல் மத்திய அரசின் அறிவியல் துறை நாட்டுப் பசுவின் பால், சாணம், மூத்திரம் இவற்றை ஆராய ஒரு திட்டம் அறிவித்தது. மாட்டு மூத்திரத்தை ஆராய நிதி இருக்கும் நாட்டில், மாட்டுத் தோலுக்குச் சாயம் ஏற்றியவனின் மூத்திரத்தைப் பார்க்க ஏன் நிதி இருக்கக் கூடாது?

இரண்டாவது குரல்தான் ஆபத்து. எதுவும் தானாக வந்து சேராது. யாருடைய சதை ஆய்வகத்துக்குப் போகிறது, யாருடைய பெயரில் போகிறது, யாருக்கு மருந்தாகத் திரும்பி வருகிறது என்பதெல்லாம் அதிகாரம் சம்பந்தப்பட்ட கேள்விகள்.

1951இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பைவாய்ப் புற்றிலிருந்து செல்களை எடுத்தார்கள். அவரைக் கேட்கவில்லை. புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்த பெண் அவர். அந்தச் செல்கள் சாகாமல் பெருகின. பெயரின் முதல் எழுத்துக்களை வைத்து 'ஹீலா' என்று லேபிள் ஒட்டினார்கள். உலகமெல்லாம் விற்றார்கள். போலியோ தடுப்பூசியிலிருந்து அதற்குப் பின் வந்த எத்தனையோ ஆய்வுகள் வரை அந்தச் செல்கள் உழைத்தன. குடும்பத்துக்கு இருபது வருசத்துக்கு மேல் விசயமே தெரியாது. அந்தச் செல்களை விற்றுவந்த கம்பெனிகளில் ஒன்று 2023இல்தான் குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டது.

இதற்கும் மூத்திரப்பைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கே.யு.7 என்று ஒரு செல் வரிசை. ஜப்பானில் ஒரு மூத்திரப்பைப் புற்றிலிருந்து வந்தது என்று லேபிள். பல பத்தாண்டுகளாக உலக ஆய்வகங்கள் அதை வைத்து மூத்திரப்பைப் புற்று மருந்துகளைச் சோதித்தன, கட்டுரைகள் எழுதின. 2013இல் மரபணுவைப் பார்த்தால் அது மூத்திரப்பையே இல்லை. ஹீலா! அந்தக் கறுப்பினத் தாயின் செல்கள் எப்போதோ கலந்து, மற்றதைத் தின்று, வேறொரு லேபிளுக்கு அடியில் வளர்ந்துகொண்டிருந்திருக்கின்றன. முதலில் அவரைக் கேட்காமல் எடுத்தார்கள். பிறகு அவரை வேறு யாரோ என்று நினைத்து ஆராய்ந்தார்கள்.

லேபிள் என்பது சின்ன விசயம் இல்லை, தோழர்களே. லேபிள் தப்பானால் விஞ்ஞானமே தப்பாகிறது. தப்பான லேபிளுக்கு உள்ள அதே ஆபத்து அரைகுறை லேபிளுக்கும் உண்டு.

*

இனி விடுபட்ட வரிக்கு வருகிறேன்.

மூத்திரப்பைப் புற்றுக்கும் வேலைக்கும் உள்ள உறவு நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. 1895இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் லூட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் தயாரித்த தொழிலாளர்களுக்கு இந்தப் புற்று வருவதைச் சொன்னார். அவரிடம் ஆர்கனாய்டு இல்லை, மரபணு இயந்திரம் இல்லை. வந்தவனிடம் 'என்ன வேலை செய்கிறாய்?' என்று கேட்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். 1938இல் அமெரிக்காவில் வில்ஹெல்ம் ஹூப்பர் சாயத் தொழிலில் புழங்கிய பீட்டா-நாஃப்தைலமீனை நாய்களுக்குக் கொடுத்து மூத்திரப்பைப் புற்றை வரவழைத்துக் காட்டினார். அதற்குப் பிறகும் பல வருசம் தொழிற்சாலைகள் அதைத் தயாரித்துக்கொண்டுதான் இருந்தன.

இந்த விஷங்களுக்குப் பொதுப்பெயர் அரோமேட்டிக் அமீன்கள். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். கல்லீரல் அதை மாற்றும். ரத்தம் வடிகட்டப்பட்டு மூத்திரத்தில் சேரும். மூத்திரம் பையில் தங்குகிற நேரமெல்லாம் அந்த விஷம் பையின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். வேலை நேரத்தில் ஒதுங்க இடமும் இல்லாமல், மேஸ்திரி விடவும் விடாமல், மணிக்கணக்கில் அடக்கி வைக்கிறவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புற்று வர 20 வருசம், 30 வருசம் ஆகலாம். அதற்குள் ஷாப்பு மூடியிருக்கும், முதலாளி மாறியிருப்பார், சாட்சி செத்திருப்பார்.

அந்த அமீன்களில் ஒன்று பென்சிடின். துணிக்கும் தோலுக்கும் போடுகிற பல சாயங்கள் அதிலிருந்து செய்யப்பட்டவை. உடம்புக்குள் போனால் சாயம் உடைந்து மறுபடி பென்சிடின் ஆகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பென்சிடினையும், அப்படி உடையும் சாயங்களையும், மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. இந்தியாவில் பென்சிடின் சாயங்களுக்குத் தடை வந்தது 1993இல். இன்னும் பல அசோ சாயங்களுக்குத் தடை 1997இல். இடையில் என்ன நடந்தது? 1994இல் ஜெர்மனி, தோலில் படும்படியான பொருள்களில் இந்த மாதிரிச் சாயம் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. செருப்பும் சட்டையும் திரும்பி வந்தன. ஏற்றுமதி ஆட்டம் கண்டது. அப்போதுதான் இங்கே விழித்தார்கள். போட்டுக்கொள்கிறவன் தோல் முக்கியம். போட்டுக்கொடுத்தவன் மூத்திரப்பையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

1996இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனமும் அகமதாபாத்தின் தேசியத் தொழில்நல ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, பென்சிடினும் பென்சிடின் சாயமும் தயாரித்த இந்தியத் தொழிலாளர்களின் மூத்திரத்தைச் சோதித்தன. மூத்திரத்தோடு உதிர்ந்து வந்த மூத்திரப்பைச் செல்களின் டி.என்.ஏ.வில் பென்சிடின் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக, நம் தொழிலாளியின் மூத்திரப்பைக்குள் என்ன நடக்கிறது என்று விஞ்ஞானத்துக்கு அப்போதே தெரியும். 2003இல் எங்கள் வார்டுக்கு மட்டும் தெரியவில்லை.

நைனாவின் டிரம்மில் எந்தச் சாயம் சுற்றியது? எனக்குத் தெரியாது. கூட வேலை பார்த்த சித்தப்பாவைக் கேட்டேன். "கறுப்பு சாக்கு, நீல சாக்குன்னு சொல்லுவோம். நெம்பர் போட்டிருக்கும். இன்னா எழுத்துன்னு யாருக்குப் படிக்கத் தெரியும்?" என்றார். அந்தச் சாக்கின் மேலும் நமக்குப் புரிகிற லேபிள் இல்லை.

பீடியை நான் மறைக்கவில்லை. உலகம் முழுக்க மூத்திரப்பைப் புற்றுக்குப் புகைதான் முதல் காரணம். நைனாவுக்குப் புகையாலும் வந்திருக்கலாம், சாயத்தாலும் வந்திருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் வந்திருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புகையில் மூத்திரப்பையைக் கெடுப்பதும் இதே குடும்பத்து அமீன்கள்தான். ஹூப்பர் நாய்க்குக் கொடுத்த அதே பீட்டா-நாஃப்தைலமீன் புகையிலைப் புகையிலும் இருக்கிறது. ஒரே குடும்பத்து விஷம். பீடியில் வந்தால் கெட்ட பழக்கம், உன் தப்பு. டிரம்மில் வந்தால் கேள்வியே கிடையாது. ஒரு விஷத்துக்குக் கணக்கு எழுதி, இன்னொரு விஷத்துக்குக் கணக்கே எழுதாத அந்தப் பேனா யார் கையில் இருக்கிறது?

தோல் ஷாப்பில் எல்லா வேலையும் எல்லோருக்கும் கிடையாது. ஆபீஸ் ஒருத்தருக்கு, ஏற்றுமதி ஒருத்தருக்கு. சுண்ணாம்புத் தொட்டியும் டிரம்மும் கழிவுக் குழியும் சேரிக்கு. எந்த ரசாயனம் யார் உடம்பில் சேரும் என்பதைப் பிறக்கும்போதே எழுதி வைத்திருக்கிற நாடு இது. சாதி வெறும் மனசில் இருக்கும் விசயம் என்கிறவர்கள் மூத்திரத்தைச் சோதித்துப் பார்க்கட்டும்.

*

இப்போது ஆர்கனாய்டு ஏன் எனக்கு முக்கியம் என்று சொல்கிறேன். அது மருந்தைத் தேடித் தருகிற கருவி மட்டும் இல்லை. சாட்சியும் சொல்லும்.

2020இல் உட்ரெக்டில் ஒரு சோதனை நடந்தது. கோலிபேக்டின் என்ற நச்சைச் சுரக்கும் ஒரு வகை குடல் பாக்டீரியா புற்றுக்குக் காரணமா என்று சந்தேகம். ஆரோக்கியமான மனிதக் குடல் ஆர்கனாய்டுகளுக்குள் அந்தப் பாக்டீரியாவை ஐந்து மாசம் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். பிறகு ஆர்கனாய்டின் டி.என்.ஏ.வைப் படித்தார்கள். அந்த நச்சு தனக்கே உரிய ஒரு வடுவை விட்டிருந்தது. அதே வடுவை ஆயிரக்கணக்கான புற்றுநோயாளிகளின் கட்டிகளில் தேடினார்கள். சில குடல் புற்றுகளில் அதே வடு இருந்தது. கைரேகை பிடித்த மாதிரி.

குடலுக்கு முடிந்தது மூத்திரப்பைக்கு ஏன் முடியக் கூடாது? ஆரோக்கியமான மூத்திரப்பை ஆர்கனாய்டை வளர்த்து, டிரம்மில் சுற்றுகிற சாயத்தின் விஷத்தை அதற்குக் கொடுத்து, என்ன வடு விழுகிறது என்று பார். அதைத் தொழிலாளியின் கட்டியோடு ஒப்பிட்டுப் பார். சுலபம் என்று நான் சொல்லவில்லை. கல்லீரல் செய்கிற வேலையையும் ஆய்வகத்தில் செய்துகாட்ட வேண்டும். பீடிக்கும் சாயத்துக்கும் ஒரே குடும்பத்து அமீன்கள் என்பதால் வடுக்கள் ஒன்றோடொன்று குழம்பலாம். ஒரு தனி ஆளுக்கு இதனால்தான் வந்தது என்று கோர்ட்டில் அடித்துச் சொல்லவும் முடியாமல் போகலாம்.

இப்படிக் குழம்பும் என்பதால்தான் அந்த ஒரு வரி வேண்டும். வெறும் சதையைப் பார்த்து வேலையைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது. இந்தக் கட்டிகள் டிரம் வேலைக்காரர்களுடையவை, இவை பெயின்டர்களுடையவை, இவை ரப்பர் கம்பெனிக்காரர்களுடையவை, இவை பீடி மட்டும் குடித்தவர்களுடையவை என்று பிரித்து வைத்தால்தான் எதை எதோடு ஒப்பிடுவது என்றே தெரியும். அந்தத் தகவலை ஆய்வகம் தயாரிக்க முடியாது. வார்டில் ஒருவர் வாய் திறந்து கேட்டாகவேண்டும். அந்த வரி இல்லாத ஆர்கனாய்டு வங்கி, வயசும் பாலும் புற்றின் கட்டமும் மட்டும் எழுதிய ஆயிரம் தட்டுகள். எந்த மருந்து விற்கும் என்று அது சொல்லும். எந்த ஷாப்பு கொன்றது என்று சொல்லாது.

*

எழுதும்போதே என் கை தயங்குகிறது. காரணம் உங்களுக்கும் தெரியும்.

"உங்கப்பன் இன்னா வேலை செய்யிறான்?" இந்தக் கேள்விக்குப் பயந்துதானே நாம் வளர்ந்தோம். ஆறாம் வகுப்பில் வாத்தியார் ஒவ்வொருத்தராக எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார். நான் "கம்பெனியில சார்" என்றேன். "எந்தக் கம்பெனி?" "தோல் கம்பெனி." பக்கத்தில் இருந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து எந்தப் பாரத்திலும் தந்தை தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதக் கற்றுக்கொண்டேன். கூலி என்று எழுதினால் எந்த நாற்றமும் வராது. நைனா செத்த பிறகு வாங்கிய சான்றிதழில்கூட நானே 'கூலி' என்றுதான் சொன்னேன். டாக்டர் கேட்கவில்லை என்று குற்றம் சொல்கிற நானும் மறைத்தவன்தான்.

அவமானப்படுத்த அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள், உயிரைக் காப்பாற்றவேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டார்கள். நாமும் அவமானத்துக்குப் பயந்து அந்தப் பதிலைப் புதைத்துவிட்டோம். இரண்டும் சேர்ந்து முதலாளிக்கு லாபம். தொழிலைச் சொல்வது சாதியைச் சொல்வது மாதிரி ஆகிப்போன நாட்டில், தொழிலை எழுதச் சொல்வதே ஒரு போராட்டம். நாம் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும்: ஆமாம், சாய டிரம். எழுதிக்கோ.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1923ஆம் வருசத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோய்களின் பட்டியல் இருந்தது. மூத்திரப்பை, சிறுநீரகம் இவற்றின் உட்சுவரில் வரும் புற்றும் அதில் ஒன்று. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாசம் அந்த ஆபத்துள்ள வேலையைச் செய்தவருக்கு வந்தால் அதை வேலை விபத்தாகவே கணக்கில் எடுக்க வேண்டும். நைனா வார்டில் படுத்திருந்தபோதும் இது சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020ஆம் வருசச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தொழில் நோய் அட்டவணையை வைத்திருக்கிறது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் இந்தப் புற்றுக்குத் தொழில் நோய் என்று பணம் கொடுக்கிறார்கள். இங்கே கேட்கப் போனால் முதல் கேள்வியே, 'அந்த வேலை செய்ததுக்கு ஆதாரம் என்ன?' கேஸ் ஷீட்டில் ஒரு வரி இருந்திருந்தால் அதுவே முதல் ஆதாரம்.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை இவை. அரசு மருத்துவமனைகளில் புற்று என்று வருகிற ஒவ்வொருவரிடமும் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைகளைக் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். நம் சதையை எடுத்து ஆய்வகத்தில் வளர்ப்பது என்றால், நமக்குப் புரிகிற தமிழில் சொல்லி, வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு சம்மதம் வாங்க வேண்டும். ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறைகளே உயிர்ப்பொருள் வங்கிகளுக்குச் சம்மதமும் பலனில் பங்கும் பேசுகின்றன. காகிதத்தில் இருப்பதை வார்டுக்குக் கொண்டுவா. வங்கியில் வைக்கும் ஒவ்வொரு மாதிரியிலும் தொழில் என்ற வரி இருக்க வேண்டும். அதோடு சாதிப் பெயர் ஒட்டி வெளியே போகாதபடி காப்பு வேண்டும். நம் கட்டியிலிருந்து கற்றுக்கொண்ட மருந்து நாம் படுக்கிற ஆஸ்பத்திரியில் கிடைக்க வேண்டும்.

மருத்துவக் கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இட ஒதுக்கீட்டில் வந்தவன் என்று உங்களை இளக்காரம் செய்கிறார்களே, அவர்களுக்குத் தோன்றாத கேள்வி உங்களுக்குத் தோன்றும். ஏனென்றால் அந்த நீலப் பனியனை நீங்கள் வீட்டில் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைக் கேளுங்கள். கேஸ் ஷீட்டில் கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இயக்க வேலை செய்கிற தோழர்கள் வயசானவர்களிடம் உட்கார்ந்து எந்த வருசம், எந்த ஷாப்பு, எந்த வேலை, கூட இருந்தது யார் என்று எழுதி வாங்குங்கள். பழைய சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். நம்பர் எதையும் தூக்கிப் போட விடாதீர்கள். வலியில்லாமல் மூத்திரத்தில் ரத்தம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

2022இல் உலகத்தில் சுமார் 6 லட்சத்து 14 ஆயிரம் பேருக்கு இந்தப் புற்று புதிதாக வந்தது. அதில் எத்தனை பேர் டிரம் சுற்றியவர்கள்? கேட்டால்தானே தெரியும்.

அன்றைக்கு பயாப்சி லேபில் டப்பாவை வைக்கும்போது பக்கத்தில் ஒரு பேனா நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எடுத்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தொழில்: தோல் ஷாப்பு, சாய டிரம், 22 வருசம்.